ஓமந்தையில் இறங்கினோம்

பாவாடையை மறுபடியும் இழுத்துவிட்டேன். சுபா நித்திரையில் ஏதோ முனகிக்கொண்டு முன் சீற்றுக்கு அடியில் காலை நீட்டினாள். பாவாடை திரும்பவும் முழங்காலுக்குக் கிட்டப் போயிற்று. பஸ் வவுனியாவைக் கடந்துவிட்டது. கடைகள் முடிந்து பாலை மரங்கள் தொடங்கிவிட்டன. இனி எழுப்ப வேண்டும். எழுப்பினால், ஏன் அம்மா என்பாள். ஓமந்தைச் சோதனைச் சாவடி வருகிறது என்றால், வரட்டுமே என்பாள். நேற்று கொழும்பில், வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டில் வைத்தும் அப்படித்தான் சொன்னாள். நான் மட்டுவிலிலிருந்து கொண்டுபோயிருந்த நீளப் பாவாடையை எடுத்துக் கொடுத்தபோது, அதை விரித்துப் பிடித்து, "இதென்ன அம்மா, கலியாண மண்டபத்துத் திரைச்சீலையோ?" என்றாள். காலை மூட வேண்டும் பிள்ளை என்றேன். "இது என்ரை கால். நான் ஏன் ஒளிக்கோணும்?" என்றாள். தங்கச்சி அடுப்படியிலிருந்து, "பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு சந்திச்சு, தாயும் மகளும் காலுக்குச் சண்டை பிடிக்கினம்" என்று சிரித்தாள். கடைசியில் எனக்காகத்தான் உடுத்திக்கொண்டாள். எனக்காக உடுத்தியது நித்திரை வந்ததும் எனக்காக நிற்கவில்லை. இடது கால், முழங்காலுக்குக் கீழே, தசை திரண்டிருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. ஒரு மாங்கொட்டையை அதில் வைத்தால் விழாமல் இருக்கும். சுற்றிவரத் தோல் மினுமினுவென்று, மற்றத் தோலைவிட ஒரு நிறம் வெளிறி, சுருக்கம் பிடித்துக் கிடக்கிறது. சுவிஸ் குளிரில் இன்னும் வெளிறிப் போயிருக்கிறது. அந்தக் குழியை முதலில் என் கையால்தான் பொத்திப் பிடித்தேன், என் கைக்குள் அது சூடாகத் துடித்தது, இப்போது பார்த்தால் யாரோ நிதானமாகக் கரண்டியால் அள்ளி எடுத்த மாதிரி அமைதியாக இருக்கிறது. பாவாடையை இழுத்து, விளிம்பை என் பெருவிரலால் சீற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஷெல் துண்டு பட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, கிணற்றடியில் நின்றாள், வாளியைக்கூட விடவில்லை என்று சொன்னால். சைக்கிளால் விழுந்தது என்று சொல்லு என்று சொல்லிவைத்திருக்கிறேன். சைக்கிளால் விழுந்தால் இப்படி வராது என்பது எனக்கும் தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். காயமுள்ள உடம்பு என்றால் ஆமிக்கு ஒரே அர்த்தம்தான், இயக்கத்து ஆள். எங்கே பட்டது, எந்தச் சண்டையில் பட்டது, யாரோடு நின்றாய். எங்கள் ஒழுங்கையில் கனகலிங்கத்தின் மகனுக்குத் தோளில் கஞ்சி ஊற்றுப்பட்ட தழும்பு. சின்ன வயதில் தாய் வடித்த கஞ்சி. அதற்காக ஒரு சாவடியில், அது எந்தச் சாவடி என்று இப்போது நினைவில்லை, சட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு பக்கமாக நிறுத்திவைத்தார்கள். தாய் போய், நான்தான் ஊற்றினேன், நான்தான் ஊற்றினேன் என்று குழறினாளாம். தன் பிள்ளையைத் தானே சுட்டேன் என்று ஒரு தாய் நிரூபிக்க வேண்டியிருந்தது. கொண்டுபோனவர்கள் விட்டு அவன் திரும்பி வந்தபோது மாம்பழக் காலம் முடிந்திருந்தது. இப்போது கடையொன்று வைத்திருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் எவ்வளவு வெக்கையென்றாலும் சட்டையைக் கழற்றுவதில்லை. அதெல்லாம் அந்தக் காலம். எல்லாரும் சொல்கிறார்கள், அதெல்லாம் அந்தக் காலம். ஓமந்தைச் சாவடியையே எடுத்துவிட்டார்களாம். எடுத்துவிட்டார்களாம், எடுத்துவிட்டார்களாம். கண்டவர் யார் என்று கேட்டால், மச்சான் சொன்னவர், பக்கத்து வீட்டுக்காரர் போய்வந்தவர். நான் கொழும்புக்கு ரயிலில் போனேன், இரவு, யன்னல் முழுக்கக் கறுப்பு. திரும்பிவர ரயிலில் இடம் கிடைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. இந்த நாட்டில் எடுத்தோம் என்று சொன்னதெல்லாம் முன்பும் எடுத்துத்தான் இருக்கிறார்கள். எடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். பாதை திறந்தாயிற்று என்று சொன்ன வருஷம் நாங்கள் பொங்கல் பானையைக்கூட நடுறோட்டில் வைக்கத் தயாராக இருந்தோம். பிறகு மூடினார்கள். மூடும்போது அந்தப் பக்கம் நின்றவர்கள் அந்தப் பக்கமே நின்றுபோனார்கள்.

மடியில் கைப்பை. கைப்பைக்குள் என் அடையாள அட்டை, அதோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு அவளுடைய பாஸ்போட். சிவப்பு மட்டை, வெள்ளைச் சிலுவை. அதை அவள் தன் பெட்டிக்குள் எறிந்து வைத்திருந்தாள். நான்தான் கேட்டு வாங்கினேன். இரவு தங்கச்சி வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். பிறந்த ஊர் இல்லை. எங்குமே இல்லை. அந்த இடத்தில் பூர்க்டோர்ஃப் என்று ஒரு பெயர். "இதென்ன பிள்ளை, நீ சாவகச்சேரி ஆஸ்பத்திரியிலை எல்லோ பிறந்தனீ?" அவள் படுத்துக்கொண்டே சொன்னாள், "அது பிறந்த ஊர் இல்லை அம்மா. எனக்குக் குடியுரிமை தந்த ஊர். அவையள் அதைத்தான் எழுதுவினம். என்ரை பூர்வீகம் அதாம்." பூர்வீகம். பூர்க்டோர்ஃபில் அவளுக்கு ஒரு பாட்டன் பூட்டன் இருந்து மாடு வளர்த்த மாதிரி. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஒரு யோசனை வந்தது, அது இப்போதும் போகவில்லை: இதைப் பார்க்கிறவன், நீ பிறந்தது எங்கே என்று கேட்பான், அவள் மறைக்கிறாள் என்று நினைப்பான். இல்லை, வெளிநாட்டுப் பாஸ்போட் என்றால் மரியாதையாக விடுவான். இல்லை, வெளிநாட்டுப் பாஸ்போட் என்றால் இன்னும் கேட்பான், ஏன் போனாய், எப்படிப் போனாய். பதினெட்டு வயதில் அவளை அனுப்பினேன். ஆமி பிடிக்கும் என்று ஒரு பயம், இயக்கம் கூட்டிக்கொண்டு போகும் என்று ஒரு பயம், இரண்டு பயத்துக்கும் சேர்த்து ஒரே ஏஜென்சி. அழவில்லை அவள். பஸ்ஸில் ஏறும்போது, குளிர்ச் சப்பாத்து அங்கே போய் வாங்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அந்தக் கேள்வி கேட்ட பிள்ளைகள். நேற்றுப் பின்னேரம் வந்தார்கள், இரண்டு பேர், கழுத்தில் அட்டை, கையில் சிலேட் மாதிரி ஒரு திரை. கருத்துக் கணிப்பாம். ஒருத்தி தமிழ்ப் பிள்ளை, மலையகத்துப் பக்கத்துப் பேச்சு. தங்கச்சி அவர்களை இருத்திக் கோப்பி கொடுத்தாள். சமாதானம் நிலைக்கும் என்று நம்புகிறீர்களா. ஆம், இல்லை, சொல்லத் தெரியாது. தங்கச்சி புருஷன், "ஆம், ஆம், போடுங்கோ" என்றார், முழு நாட்டுக்கும் அவர்தான் வாங்கிக் கொடுத்த மாதிரி. அந்தத் தமிழ்ப் பிள்ளை என் பக்கம் திரும்பினாள். நான் சொல்லத் தெரியாது என்றேன். அது பொய்யில்லை. அடுத்த கேள்விதான் என்னை மாட்டியது. நீங்கள் உங்களை முதலில் இலங்கையர் என்று நினைக்கிறீர்களா, முதலில் தமிழர் என்று நினைக்கிறீர்களா, இரண்டும் சமமா. நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். "எதைச் சொன்னால் பிரச்சினை இல்லை, பிள்ளை?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அம்மா, இதில சரி பிழை இல்லை. உங்க மனசுல இருக்கிறத சொல்லுங்க" என்றாள். என் மனதில் என்ன இருந்தது? சாவடி வரிசை இருந்தது. நீ யார் என்று கேட்டால் அட்டையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பதில். நினைக்கிறீர்களா என்று எவரும் அதுவரை என்னைக் கேட்டதில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதிய காலத்தில் பங்கீட்டுக்கு வருகிற சனத்தை நானும் கேட்டிருக்கிறேன், எந்த ஊர், எந்த முகாம், எத்தனை தலை. நினைக்கிறீர்களா என்று கேட்டதில்லை. மூன்றாவதைப் போடு என்றேன், மூன்றாவது நடுவில் கிடப்பதுபோல் பாதுகாப்பாகத் தெரிந்தது. சுபா பக்கம் திரும்பி அந்தப் பிள்ளை, அக்கா நீங்கள் என்றாள். இவள், "நான் சுவிஸ் சிற்றிசன்" என்றாள். "அப்போ நீங்க இதுல வரமாட்டீங்க அக்கா" என்று அவள் வெகு மரியாதையாகச் சொல்லித் திரையை மூடினாள். சுபா சரி சரி என்றாள். அதன் பிறகு கன நேரம் கோப்பிக் கோப்பையின் காதைச் சுற்றிச் சுற்றி விரலை விட்டுக்கொண்டிருந்தாள். பாஸ்போட்டைப் பெட்டிக்குள் எறிந்தது அதற்குப் பிறகுதான்.

"ஓமந்தை வரப்போகுது" என்றது முன் சீற். நான் சொல்லவில்லை, முன் சீற்றில் இருந்த தடித்த கண்ணாடிக்காரர். யாருக்கென்றும் இல்லாமல் சொன்னார். அதிபராக இருந்து ஓய்வுபெற்றவராம், மதவாச்சியிலிருந்து அவர் கதைத்துக்கொண்டுதான் வருகிறார். "வந்தா என்ன ஐயா, நிக்காது, பறக்கும்" என்றான் கொண்டக்டர், கிளிநொச்சிப் பொடியன், கதவில் தொங்கிக்கொண்டு. "தம்பி, நீர் சின்ன ஆள். எடுத்தவன் வைக்க எவ்வளவு நேரம்? நாலு பீப்பாவை உருட்டிவிட்டால் சாவடி." "அப்ப ஐயாவுக்குச் சமாதானத்திலை நம்பிக்கை இல்லையோ?" "சமாதானத்திலை நம்பிக்கை இருக்கு. பீப்பாவிலைதான் நம்பிக்கை இல்லை." பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் நடைபாதைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேரே, அவன் இருந்தான். அனுராதபுரத்தில் ஏறினவன். சாதாரணச் சேர்ட், சாதாரணக் காற்சட்டை, ஆனால் தலைமயிர் ஒட்ட வெட்டியது, சப்பாத்து கறுப்பு, நாடா இறுக்கிக் கட்டியது, காலடியில் பச்சைப் பை. முப்பது வயதிருக்கும். ஆமிக்காரன், வீட்டுக்குப் போய்விட்டு முகாமுக்குத் திரும்பிப் போகிறான். தமிழ் விளங்குமோ விளங்காதோ. பீப்பா என்றது விளங்கியிருக்குமோ. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருப்பவன் எல்லாம் நித்திரை இல்லை, இது எனக்குத் தெரியும், எத்தனை பயணத்தில் நானே அப்படி வந்திருக்கிறேன். அனுராதபுரத்தில் ஏறும்போது சுபாவின் கைப்பெட்டி வழியில் கிடந்தது, அவன் அதைத் தூக்கி மேல் தட்டில் வைத்தான். அவள் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாமல், சுவிஸில் நன்றிக்குச் சொல்கிற மாதிரி, மெர்சி என்றாள். மெர்சி. அவன் ஒருமுறை அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் அனுராதபுரத்திலிருந்து சுமந்துகொண்டு வருகிறேன். பெட்டியைப் பார்த்தானா, முகத்தைப் பார்த்தானா, இல்லை, அவள் குனிந்து இருந்தபோது காலைப் பார்த்தானா. அவன் இறங்கிப் போய், அங்கே நிற்கிற தன் ஆட்களிடம், அந்த சீற்றில் ஒருத்தி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழும்பு பிள்ளை, எழும்பு என்று தோளில் தட்டினேன். முகத்தைத் துடை. கேட்டால் மட்டும் பதில் சொல்லு. சைக்கிள். அவள் கண்ணைத் திறந்து, வெயிலைப் பார்த்துச் சுருக்கி, "எங்கை நிக்கிறம்?" என்றாள்.

நின்றுதான் இருந்தோம். பஸ் வேகம் குறைந்ததும் எனக்குத் தெரிந்தது, இடப்பக்கம் சாய்ந்ததும் தெரிந்தது, தாரிலிருந்து கிரவலுக்குச் சில்லு இறங்குகிற அந்தக் கரகரப்பும் தெரிந்தது. எஞ்சின் நின்றது. இறங்கு என்று எவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கண்ணாடிக்காரர் எழும்பினார். கைக்குழந்தைக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள். பைகள் இறங்கின, சிப் திறக்கிற சத்தம், கைகள் எல்லாம் நெஞ்சுப் பைக்குள்ளும் சட்டைக்குள்ளும் போய் அடையாள அட்டையோடு வெளியே வந்தன. காதில் வயர் மாட்டியிருந்த இரண்டு மூன்று இளசுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து அண்ணாந்து பார்த்தார்கள். நான் சுபாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், யாரும் பிரிக்கவில்லை, பிரிந்தோம். சண்டை நிறுத்தக் காலத்தில் இதே பாதையில் இரண்டு நாட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும். இங்கே ஆமிக்கு அட்டையைக் காட்டி, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத வெளியை வெயிலில் கடந்து, அந்தப் பக்கம் போனால் இயக்கத்தின் சாவடி, கொண்டுவந்த மின்விசிறிக்கு வரி. இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரித் தகரக் கொட்டகை, ஒரே மாதிரி நீட்டு வாங்கு, வாங்கில் குந்திக் காத்திருக்கிற அதே சனம். கால் அந்த வரிசையை மறக்கவில்லை. தலையைக் குனிந்து முன்னால் போகிறவளின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும், நிமிர்ந்தால் எதையோ தேடுகிற மாதிரி இருக்கும். அப்படியே நடந்தேன். "அம்மா, எல்லாரும் எங்கை போகினம்?" சத்தம் போடாதே. "அம்மா, இங்கை ஒண்டும் இல்லையே." சத்தம் போடாதே என்றேன் எல்லோ. முன்னால் போனவள் குழந்தைக்காக ஒதுங்கி நின்றாள், நான் முதல் ஆளானேன். நிமிர்ந்தேன். எனக்கு முன்னால் அவன் நின்றான், அனுராதபுரத்தில் ஏறினவன்.

பஸ் நின்றதும் இறங்கிச் சிறுநீருக்கு ஒதுங்கிவிட்டுப் பற்றைப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும். அவன் நின்ற இடம் சீமெந்துத் தரை. ஒரு காலத்தில் மேசை இருந்த தரை. அவனுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்பதை என் கண் பார்த்தது, கொட்டகை இல்லை, கம்பி இல்லை, பெண்களைச் சோதிக்கிற சீலை மறைப்பு இல்லை, ஒரு நாய் சுருண்டு கிடந்தது. கண் பார்த்தது, கை கேட்கவில்லை. கை அடையாள அட்டையை நீட்டிவிட்டது. அட்டையோடு ரப்பர் வளையத்துக்குள் சிவப்புப் பாஸ்போட்டும் போயிற்று. அவன் என்னைப் பார்த்தான், பிறகு வாங்கினான். வாங்கினான். அவனுடைய கையும் கேட்கவில்லை என்று பிறகு நினைத்தேன், அப்போது நினைக்கவில்லை, அப்போது எனக்குள் இருந்ததெல்லாம் சைக்கிள் சைக்கிள் சைக்கிள். வளையத்தைத் தள்ளினான். அட்டையைத் திருப்பினான், முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம், படத்தைப் பார்த்து என் முகத்தைப் பார்த்தான். பாஸ்போட்டைப் பிரித்தான். அந்த நேரம் பார்த்து ஒரு லொறி, வேகம் குறைக்காமல், ஓமந்தையில் வேகம் குறைக்காமல் ஒரு லொறி போயிற்று, அந்தக் காற்றில் சுபாவின் பாவாடை முழங்காலுக்கு மேலே எழும்பி நின்றது. அவள் அதைப் பிடிக்கவில்லை. நான் பிடிக்கக் குனியவும் இல்லை, குனிந்தால் அவன் பார்ப்பான் என்று. அவன் பார்த்தான். அவன் பார்ப்பதை நான் பார்த்தேன். குழியில் போய் நின்ற கண், ஒரு மூச்சு நேரம் நின்று, பாஸ்போட்டுக்குத் திரும்பி வந்தது. அதை மூடினான். அட்டையை அதன் மேல் வைத்து, வளையத்தை முன்பு இருந்த மாதிரியே போட்டு, இரண்டு கையாலும் நீட்டினான். "ஹரி அம்மே. யன்ன." சரி அம்மா, போங்கள். அதே சொல். எத்தனை வருஷம் கேட்ட அதே சொல், அதே தணிந்த குரல். சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். காது இரண்டும் சிவந்தன. இடுப்புப் பட்டியைத் தடவிப் பார்த்தான், அங்கே ஒன்றும் இல்லை.

"அம்மா!" என்று பஸ் பக்கமிருந்து கொண்டக்டர் கத்தினான். "அவரிட்டை ஏன் அம்மா காட்டுறியள்? பாவம், அவர் லீவிலை நிக்கிறார்!" முதலில் யாரும் சிரிக்கவில்லை. வரிசை என் முதுகுக்குப் பின்னால் இன்னும் அப்படியே நின்றது, கையில் கையில் அட்டை. கொண்டக்டர் தொடர்ந்தான், "என்ன எல்லாரும் லைனிலை? நாய்க்கோ காட்டப்போறியள்? அதுக்கு வாசிக்கத் தெரியாது." கண்ணாடிக்காரர், "அப்ப நீர் ஏன் ஐசே பஸ்ஸை நிப்பாட்டினீர்?" என்று உறுமினார். "நானோ? ட்ரைவரைக் கேளுங்கோ." ட்ரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே தலையை நீட்டி, வெற்றிலைச் சிரிப்போடு, "கை தானாத் திருப்பிப் போட்டுது ஐயா. நான் என்ன செய்ய" என்றார். அப்போதுதான் சிரித்தார்கள். குழந்தைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு கிழவர் இருமி இருமி, கண்ணாடிக்காரர்கூடக் கண்ணாடியைக் கழற்றி. "முழு பஸ்ஸும் இறங்கிட்டுது, ஒருத்தருக்கும் தெரியேல்லை!" "ஐயா பீப்பாவைத் தேடினவர்!" "தேடினனான்தான், உருட்டிக்கொண்டு போயிட்டாங்கள்." அந்த ஆமிக்காரன் சிரிப்பதா போவதா என்று தெரியாமல் நின்று, பிறகு சுபாவைப் பார்த்து, உடைந்த தமிழில், "தங்கச்சி, பஸ் போகும். ஏறுங்க" என்றான். காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன், அவன் கேட்கவில்லை. சுபா என் தோளைப் பிடித்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள், அழுகிறாளாக்கும் என்று பார்த்தால் சிரிப்பு. "அம்மா, நீங்கள் என்ரை பாஸ்போட்டையும் சேத்துக் குடுத்திட்டியள்! அந்த மனுசன் பாவம், விசா தேடினவன்!" எனக்கும் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, தொண்டை வலிக்க, கண்ணீர் வர, அந்தச் சீமெந்துத் தரையில் நின்று சிரித்தேன். இதே இடத்தில் சிரிக்கலாம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால்.

ஏறினோம். புளியங்குளம் போயிற்று. யன்னல் முழுக்கக் காடு, காட்டுக்கு நடுவில் புதுக் கம்பங்கள், மஞ்சள் சுவர் ஒன்று, கூரையில்லாத சுவர் ஒன்று. கைப்பையின் வாரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். சுபாவின் அப்பா போன் எடுத்தார், மட்டுவிலிலிருந்து, வேறென்ன கேட்கப் போகிறார், "ஓமந்தை தாண்டியாச்சே?" எங்கள் வீட்டில் பயணம் என்றால் அந்த ஒரு கேள்விதான், யாழ்ப்பாணம் வந்தாயா என்று எவரும் கேட்பதில்லை. தாண்டியாச்சு என்றேன். "ஒண்டும் கேக்கேல்லையே?" ஒருவரும் இல்லை கேட்க என்றேன். "அப்ப உண்மைதான்" என்றார், ஏதோ செத்த வீட்டுச் செய்தி உறுதியான மாதிரி. உண்மைதானா? ஒரு சாவடி இல்லாததால் என்ன உண்மை. அந்தக் கருத்துக் கணிப்புப் பிள்ளை இப்போது வந்து இந்த சீற்றில் இருந்து கேட்டாலும் சொல்லத் தெரியாது என்றுதான் சொல்வேன். தெரியாதது தெரியாததுதான். கனகலிங்கத்தின் மகன் சட்டையைக் கழற்றுகிறானா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம். நிலம் இன்னும் கம்பிக்குள் இருக்கிறது, காணாமல் போனவர்களின் படத்தை வைத்துக்கொண்டு தாய்மார் இன்னும் றோட்டில் இருக்கிறார்கள், இதையெல்லாம் நான் மறக்கவில்லை, ஒரு லொறி வேகம் குறைக்காமல் போனதற்காக இதையெல்லாம் மறக்க மாட்டேன். ஆனால் அந்தத் தரை வெறுமையாக இருந்தது. அதையும் நான் கண்டேன். மச்சான் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லவில்லை, நான் கண்டேன். கம்பம் பிடுங்கிய குழிகளுக்குள் புல் முளைத்திருந்தது. நெஞ்சுக்குள் எங்கோ ஒரு முடிச்சு, எவ்வளவு காலமாகக் கட்டியிருந்தது என்றே மறந்துபோன முடிச்சு, கொஞ்சம் இளகி, ஒரு பக்கம் தொங்குகிறது. முழுக்க அவிழவில்லை. அவிழாவிட்டாலும் மூச்சு உள்ளே போகிறது, வயிறு வரைக்கும் போகிறது. பசிக்கிறது. விடியலிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. சுபா யன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். "அவன் என்ரை காலைப் பாத்தவன், என்ன?" என்றாள், திரும்பாமல். ஓம் என்றேன். "அங்கையும் பாப்பினம் அம்மா. நீந்தப் போனா எல்லாரும் பாப்பினம். ஒரு கிழவி கேட்டவ, சுறா கடிச்சதோ எண்டு." நீ என்ன சொன்னாய்? "ஓம் எண்டனான்." நெற்றியை யன்னலிலிருந்து எடுத்து, "ஷெல் எண்டு சொன்னா, பிறகு அவையளை நான் எல்லோ ஆறுதல்படுத்தோணும்" என்றாள். பதினைந்து வருஷம் இது எனக்குத் தெரியாது. போனில் எப்போதும் காலநிலைதான் கதைப்போம், அங்கே பனி, இங்கே வெயில். நடைபாதைக்கு அப்பால் அந்த ஆமிக்காரன் மாங்குளத்தில் இறங்கினான். பச்சைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் சீற்றைப் பார்க்காமல், வேகமாக. வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். அப்படி ஒருத்தனைப் பற்றி நான் நினைத்தது அதுதான் முதல்தடவை.

முறிகண்டியில் பஸ் நின்றது. அங்கே நிற்காமல் எந்த வாகனமும் போகாது, சண்டைக்கு முன்பும் நின்றது, இடையிலும் நின்றது, இப்போதும் நிற்கிறது, தெற்கிலிருந்து வருகிற ட்ரைவரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, உண்டியலில் சில்லறை போட்டுவிட்டுத்தான் ஏறுவார். எல்லாரும் இறங்கினார்கள், சிரித்த மயக்கம் இன்னும் போகாமல், "இப்ப ஆருக்கு ஐ.சி. காட்டுறது, பிள்ளையாருக்கோ?" என்று யாரோ. தேங்காய் உடைகிற சத்தம், கர்ப்பூரப் புகை, றோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கச்சான் கடைகள், வறுத்த கடலை வாசம், ஒவ்வொரு கடைக்காரியும் தன் கடையைத் தவிர வேறு கடை உலகத்தில் இல்லை என்பதுபோல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நான் கச்சான் வாங்கிக்கொண்டு வாறன்" என்றாள் சுபா. நில்லு, நானும் வருகிறேன் என்று என் வாய் சொல்லத் திறந்தது. றோட்டில் இரண்டு பக்கமும் வாகனம், சனம், யார் யாரோ, தொப்பி போட்ட பொலிஸ்காரன் ஒருத்தன் சைக்கிளில் சாய்ந்து நின்றான். அவள் ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டாள், இடது காலை ஒரு இழை இழுத்து நடக்கிற அந்த நடை, அவளுக்கு மட்டும் உள்ள நடை, எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரிகிற நடை. ஒரு வான் குறுக்கே வந்து நின்றது. அவள் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது, எங்கள் ஊர்த் தமிழில், "இதென்னணை, அளக்கிற கொத்து இவ்வளவு சின்னனா இருக்கு?" கடைக்காரியும் விடவில்லை, "வெளிநாட்டுப் பிள்ளைக்குச் சின்னனாத்தான் தெரியும்!" நான் அவர்களுக்கு முதுகைத் திருப்பி, கோயில் குழாயைத் திறந்து, கால் கழுவத் தொடங்கினேன்.